கடைசிப் பாடமும் அடுத்த பாடமும்

பகை நாடுகள் இரண்டு நிலையான சமாதானத்தை எவ்வாறு அடைகின்றன என்னும் வினாவை அரசியல்வாதிகளிடமே விட்டுவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மாநாடுகளும் ஒப்பந்தங்களும் அவர்களுக்குரியன, கதையும் கவிதையும் நமக்குரியன என்று பாகுபாடு செய்துகொள்கின்றோம். இப்பாகுபாடு பிழையானது. யுத்தம் போர்க்களத்தை அடையுமுன் வகுப்பறையிலே பலகாலம் வளர்க்கப்படுகின்றது. அங்கே அதனை வளர்ப்பனவற்றுட் கதைகளும் அடங்கும். ஆகவே சமாதானத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் இலக்கிய விமர்சகனுக்கும் ஆசிரியனுக்கும் தட்டிக்கழிக்க முடியாத பொறுப்பொன்று உண்டு. அதனை ஒரு சிறுகதையைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

அல்போன்ஸ் தோதே என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் 'கடைசிப் பாடம்' 1872ஆம் ஆண்டிலே பத்திரிகையில் வெளிவந்தது; மறு ஆண்டு 'திங்கட்கிழமைக் கதைகள்' என்னும் தொகுதியிற் சேர்ந்தது. பிரான்சிலே தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்ட இக்கதை ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகத் தெற்காசியாவுக்கும் வந்தது. இந்தியாவின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலொன்றிலே பல ஆண்டுகளாக இடம்பெற்று வந்துள்ளது. நம் வாசகர் பலர் இதனை அறிந்திருப்பர்.

கதை எளியது. 1870ஆம் ஆண்டு யுத்தத்திலே பிரான்சு தோற்றுவிட்டது. அல்சாஸ் மாகாணம் ஜேர்மனியின் கைக்குப் போய்விட்டது. அங்குள்ள கிராமத்துச் சிறுவன் ஒருவன் இலக்கணப் பாடத்துக்கு அஞ்சியவனாய், பிந்திப் பாடசாலைக்கு வருகின்றான். அடி விழும் என்று எதிர்பார்த்தவனை ஆசிரியர் அமேல் அன்போடு அமரச் சொல்கின்றார். அவர் அன்று விழாக்கால உடை அணிந்திருக்கின்றார். பின்வாங்குகளிலே ஊர்ப் பெரியவர்கள் மௌனமாக அமர்ந்திருக்கின்றனர். இனிமேல் பாடசாலைகளில் ஜேர்மன் மொழியே கற்பிக்கப்படல் வேண்டும் என்று பெர்லினிலிருந்து கட்டளை வந்துவிட்டது. இதுவே பிரெஞ்சு மொழியில் நடக்கும் கடைசிப் பாடம். நாற்பது ஆண்டுகள் அங்கே கற்பித்தவர் மறுநாள் ஊரைவிட்டே போகவேண்டியவர். நண்பகல் மணி அடிக்கின்றது; ஜன்னலுக்கு வெளியே பிரஷ்ய வீரரின் ஊதுகுழல் ஒலிக்கின்றது. பேச வாயெடுத்த ஆசிரியருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கின்றது. கரும்பலகையின் பக்கம் திரும்பித் தம் நாட்டுக்கு வாழ்த்தொன்றைத் தம்மால் இயன்ற அளவு பெரிய எழுத்துக்களில் எழுதிவிட்டு, கையசைத்து எல்லோரையும் அனுப்பிவிடுகின்றார்.

இக்கதையைப் படித்துக் கலங்காத தமிழ் வாசகன் அரிது. 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தை அறிந்த நம் நாட்டிலே இதற்குக் காரணம் கூறவேண்டியதில்லை. ஓர் அதிகாரம் எங்கோ இருந்து கட்டளையிட, ஒரு சிறுவனின் வாயிலுள்ள மொழி சட்டத்துக்குப் புறம்பானதாகிவிடும் கொடுமையைத் தோதே மிகச் சுருங்கிய அளவிலே காட்டிவிட்டார். வசைமொழி கிடையாது, பகைவனின் முகங்கூடத் தெளிவாகக் காட்டப்படவில்லை. பின்வாங்கிலே அமர்ந்து பழைய அரிச்சுவடியை முழங்கால்மேல் விரித்து எழுத்துக்கூட்டும் கிழவன் ஒருவனே போதுமானதாயிருக்கின்றான். கலைத்திறனைக் குறைகூற நமக்கு இடமில்லை.

ஆனால் முற்போக்கு விமர்சனம் கண்ணீரோடு நின்றுவிட முடியாது. இக்கண்ணீர் எதனை மறைக்கின்றது என்பதையும் அது கேட்டல் வேண்டும்.

கதையிலுள்ள பெயர்களை முதலில் நோக்குவோம். சிறுவனின் பெயர் ஃபிரன்ற்ஸ். அரிச்சுவடியோடு வந்த கிழவர் ஹவுசர். கொல்லன் பெயர் வாக்டர். இவை யாவும் ஜேர்மன் பெயர்கள். சிறுவனோ பிரெஞ்சு இலக்கணத்திலே தடுமாறுகின்றான்; பெரியவர்கள் முதுமையிலே பிரெஞ்சு எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கின்றனர். இதற்குக் கதை கூறும் காரணம் சோம்பல்: பிள்ளைகளைப் பெற்றோர் வயலுக்கும் ஆலைக்கும் அனுப்பினர், ஆசிரியரும் தம் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அவர்களை அனுப்பினார். உண்மைக் காரணம் வேறு. அல்சாஸ் மக்களிற் பெரும்பாலோர் வீட்டிலே பேசியது ஜேர்மன் மொழியின் கிளைமொழியொன்றாகும். அம்மாகாணத்தின் தலைநகராகிய ஸ்திராஸ்பூர் 1681ஆம் ஆண்டிலே பதினான்காம் லூயி மன்னனின் படையால் பிரான்சுடன் இணைக்கப்பட்டது. அக்கிராமத்துச் சிறுவனுக்கு ஆசிரியர் அமேலின் பிரெஞ்சு பாடசாலை மொழி. அது அவன் தாயின் மொழியன்று.

இதனாற் பெர்லினின் கட்டளை நியாயமாகிவிடுமா? ஒருபோதும் ஆகாது. அல்சாஸ் மக்களிற் பலர் மொழியால் ஜேர்மனியரை ஒத்திருந்தும் பிரெஞ்சுப் புரட்சியின் பின்னர் மனத்தால் பிரான்சைச் சார்ந்திருந்தனர். அவர்களைக் கேளாமலே 1871 மே மாதத்துப் பிராங்பேட் உடன்படிக்கை அவர்களைக் கைமாற்றியது. பிரான்சின்மீது ஐந்நூறு கோடி பிராங்கு தண்டமும் விதித்தது. அநீதி நடந்தது மெய்யே. ஆனால் அதைக் கூறவந்த கதாசிரியர், இரு மொழிகளுக்கிடையே வாழ்ந்த ஒரு மக்களை ஒரு மொழிக்கு மட்டும் உரியவராக்கிவிட்டார். அல்சாஸ்காரனின் உண்மையான வாய்மொழிக்குக் கதையிலே இடமேயில்லை. பெர்லின் செய்ததைப் பாரிஸ் மென்மையாகச் செய்தது எனலாம்.

இந்த மறைப்பின் விளைவு இலக்கியத்தோடு முடிந்துவிடவில்லை. 1871க்குப் பின் பிரான்சின் பாடசாலைகள் இழந்த மாகாணங்களின் நினைவை வளர்க்கும் இடங்களாயின. 1877ஆம் ஆண்டில் வெளிவந்து இலட்சக்கணக்கிற் பரவிய 'இரு சிறுவரின் பிரான்சுப் பயணம்' என்னும் வாசிப்பு நூல், லொறேனை விட்டுப் புறப்படும் இரு அநாதைச் சிறுவரைப் பற்றியதாகும். 1887ஆம் ஆண்டில் ஓவியர் பெத்தானியே வரைந்த 'கரும்புள்ளி' என்னும் ஓவியத்திலே ஆசிரியர் ஒருவர் தேசப்படத்தில் கறுப்பாக்கப்பட்ட மாகாணங்களைப் பிரம்பினாற் சுட்டிக்காட்ட, மாணவன் உற்று நோக்கி நிற்கின்றான். எல்லைக்கு அப்பால் ஜேர்மன் பாடசாலைகளில், செப்டெம்பர் 2ஆம் நாள், பிரெஞ்சுச் சக்கரவர்த்தியை வென்ற செடான் போரின் வெற்றிவிழா கொண்டாடப்பட்டது. ஒரு வகுப்பறை துக்கத்தைக் கற்பித்தது. மற்றது பெருமையைக் கற்பித்தது. இரண்டிலும் படித்த சிறுவர் 1914ஆம் ஆண்டிலே வளர்ந்த ஆண்களாய் எதிரெதிர் அகழிகளில் நின்றனர். அந்த யுத்தத்திலே ஏறத்தாழ 14 இலட்சம் பிரெஞ்சு வீரரும் 20 இலட்சம் ஜேர்மன் வீரரும் மாண்டனர்.

இவ்விடத்திலே நம் அணியின் தோல்வியையும் மறைத்தல் தகாது. தொழிலாளி வர்க்கத்தின் சர்வதேச ஒற்றுமை யுத்தத்தைத் தடுத்துவிடும் என்று நம்பியோர் பலர். அதற்காகப் போராடிய ஷான் ஜோரே 1914 ஜூலை 31ஆம் நாள் பாரிஸிலே சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாட்களின் பின் ஜேர்மன் சமூக ஜனநாயகக் கட்சி பாராளுமன்றத்திலே யுத்தக் கடனுக்கு வாக்களித்தது. டிசெம்பரில் இரண்டாம் முறை வாக்கெடுப்பு வந்தபோது எதிர்த்து எழுந்தவர் கார்ல் லீப்னெக்ட் ஒருவரே. தலைவர்களின் துரோகம் என்று மட்டும் இதனை விளக்கிவிட முடியாது. சங்கக் கூட்டத்திலே மாலைப்பொழுதிற் கற்ற ஒற்றுமையை, பாடசாலையிலே பிள்ளைப்பருவம் முழுவதும் கற்ற பகைமை வென்றுவிட்டது.

அல்சாஸின் கதையோ இன்னும் முடியவில்லை. 1918இல் பிரான்சு திரும்பி வந்தது. ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறியோர் பலர் வெளியேற்றப்பட்டனர். பாடசாலையின் மொழி பிரெஞ்சாயிற்று. 1940இல் நாஜிகள் வந்தனர், பிரெஞ்சு தடைசெய்யப்பட்டது. 1942 முதல் அல்சாசையும் அயல் மாவட்டமாகிய மொசேலையும் சேர்ந்த ஏறத்தாழ 1,30,000 பேர் ஜேர்மன் படையிலே வலிந்து சேர்க்கப்பட்டனர். 1945இன் பின் மீண்டும் பிரெஞ்சு வந்தது. பகைவனின் மொழியை ஒத்தது என்பதனாற் பிள்ளைகளின் கிளைமொழி பாடசாலையில் ஒதுக்கப்பட்டது. 1865இல் பிறந்து எண்பது வயதுவரை வாழ்ந்த ஒருவர், தம் வீட்டை விட்டு அசையாமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார். கடைசிப் பாடமும் நான்கு முறை நடந்தது. தோதே எழுதியது அவற்றுள் ஒன்றைத்தான். 1918இல் மூட்டை கட்டிய ஜேர்மன் ஆசிரியனுக்கும் தொண்டை அடைத்திருக்கும். அக்கதையை எந்தப் பிரெஞ்சுப் பாடநூலும் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்குமா என்பதே நம் வினா.

இரு கரைகளையும் கண்ட எழுத்தாளரும் இருந்தனர். அல்சாஸ் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்து ஜேர்மன் மொழியில் எழுதிய ரெனே ஷிக்கெலே, முதல் யுத்த காலத்திலே சுவிற்சர்லாந்திலிருந்து 'வெள்ளைத் தாள்கள்' என்னும் சஞ்சிகையை யுத்த எதிர்ப்பின் குரலாக நடத்தினார். அவருடைய நாடக நாயகன் இரு நாடுகளுக்குமிடையே கிழிபடும் அல்சாஸ்காரன். ரோமேன் ரோலந்து 1914 செப்டெம்பரிலேயே இரு தரப்பாரின் வெறியையும் கண்டித்து எழுதித் தம் நாட்டிலே துரோகி என்று ஏசப்பட்டார். எனினும் இவர்களின் எழுத்துக்கள் அரிச்சுவடியாகவில்லை. கிராமத்துப் பாடசாலைவரை சென்றது 'கடைசிப் பாடம்' ஒன்றே. ஒரு படைப்பின் சமுதாய வலிமையை அதன் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைப் பிள்ளையின் கையிலே கொடுப்பவர் யார் என்பதும் தீர்மானிக்கின்றது.

இனிச் சமாதானத்துக்கு வருவோம். முதல் முயற்சி 1925ஆம் ஆண்டின் லொக்கார்னோ ஒப்பந்தமாகும். பிரான்சின் பிரியாங்கும் ஜேர்மனியின் ஸ்திரேசமானும் 1926இல் நோபெல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஏழு ஆண்டுகளில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். 1929இன் பொருளாதார வீழ்ச்சி முதலிய காரணங்கள் பல உண்டு. ஆயினும் அடிப்படையான குறை இரண்டு என்று கருதுகின்றோம்: அந்தச் சமாதானம் சுரங்கத்தைத் தொடவில்லை, வகுப்பறையை ஆழமாகத் தொடவுமில்லை. 1919ஆம் ஆண்டு வெர்செயில் உடன்படிக்கையின் நட்டஈட்டைப் பெறவென்று 1923இலே பிரான்சும் பெல்ஜியமும் ரூர் நிலக்கரிப் பிரதேசத்தைப் படைகொண்டு கைப்பற்றியிருந்தன. லொறேனின் இரும்புத் தாதும் ரூரின் நிலக்கரியும் ஒன்றையொன்று வேண்டி நிற்க, அவற்றின் சொந்தக்காரர் பகைவராயிருந்தனர்.

சுரங்கத்தைப் பற்றிய உண்மையை அரசியல்வாதிகளுக்கு முன்னரே தொழிலாளர் அறிந்திருந்தனர். 1906 மார்ச்சிலே வட பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிவிபத்தில் 1,099 பேர் மாண்டபோது, ஜேர்மனியின் வெஸ்ற்பாலியாவிலிருந்து சுரங்கத் தொழிலாளர் மீட்புக் கருவிகளோடு எல்லை கடந்து வந்தனர். இந்நிகழ்ச்சியை அடியாகக் கொண்டு 1931இல் பாப்ஸ்ற் 'தோழமை' என்னும் திரைப்படத்தை எடுத்தார். அதிலே ஜேர்மன் தொழிலாளர் நிலத்தடியில் எல்லையைக் குறிக்கும் இரும்புக் கம்பித் தடுப்பை உடைத்துப் பிரெஞ்சுத் தோழரை மீட்கின்றனர். மேலே நிலத்தில் இரு தரப்பாரும் தழுவிக்கொள்கின்றனர். கீழேயோ, அதிகாரிகள் முறைப்படி பத்திரம் எழுதி முத்திரையிட்டு அதே தடுப்பை மீண்டும் பொருத்துகின்றனர். லொக்கார்னோவின் குறையை இதைவிடச் சுருக்கமாக எடுத்துரைத்த விமர்சனத்தை நாம் அறியோம். இரண்டு ஆண்டுகளில் ஹிட்லர் வந்தான். ஒன்பது ஆண்டுகளிற் பாரிஸ் வீழ்ந்தது.

இரண்டாம் முயற்சி 1950 மே 9ஆம் நாள் தொடங்கியது. பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் ரொபேர் ஷூமன், இரு நாடுகளின் நிலக்கரியையும் உருக்கையும் பொது அதிகாரமொன்றின் கீழ்க் கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தார். லொறேன்காரரான தந்தைக்கு லக்சம்பேர்க்கிலே பிறந்து, முதல் யுத்தம் முடியும்வரை ஜேர்மன் பிரஜையாக இருந்தவர் அவர். கைமாறிய மண்ணின் பிள்ளை. 1951இல் ஆறு நாடுகள் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. ஒரு நாட்டின் உருக்கு ஆலை மற்ற நாட்டின் கண்ணுக்குத் தெரியாமல் பீரங்கி வார்ப்பது கடினமாயிற்று.

இதனை நாம் கண்மூடிப் போற்றவில்லை. பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகளும் ஜேர்மன் சமூக ஜனநாயகவாதிகளும் தத்தம் காரணங்களுக்காக இத்திட்டத்தை எதிர்த்தனர். பெருமுதலாளிகளின் கூட்டு என்றும், அமெரிக்காவின் கெடுபிடி யுத்தத்துக்குத் துணை என்றும் அவர்கள் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர் மறுபயிற்சி பெற அந்த உடன்படிக்கையிலேயே வழி செய்யப்பட்டது என்பதையும், அதன்பின் ரைன் நதிக்கரையிலே தொழிலாளி தொழிலாளியைச் சுடவில்லை என்பதையும் நேர்மையான விமர்சகன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நிலத்தடித் தடுப்பு இம்முறை மீண்டும் பொருத்தப்படவில்லை. அதை அகற்றியவர் யார், எந்த நோக்கத்தோடு அகற்றினர் என்ற வினாக்கள் தேவையானவை. அகற்றப்பட்டது என்ற உண்மையும் தேவையானது.

வகுப்பறையின் வேலையை ஆசிரியரே தொடங்கினர். 1935ஆம் ஆண்டிலே பிரெஞ்சு, ஜேர்மன் வரலாற்றாசிரியர் சிலர் பாரிஸிற் கூடி, பாடநூல்களின் நச்சுப் பகுதிகளை நீக்க முயன்றனர். அம்முயற்சி ஹிட்லர் ஆட்சியின்கீழ்ப் பயனற்றுப்போயிற்று. அதிற் பங்குகொண்ட பாடநூலாசிரியர் ஜூல் ஐசாக், யூதர் என்பதற்காக 1940இல் விஷி அரசினாற் பதவி நீக்கப்பட்டார். அவர் மனைவியும் மகளும் ஓஷ்விற்சிலே கொல்லப்பட்டனர். 1951இலே அவ்வேலை மீண்டும் கைக்கொள்ளப்பட்டது. தொழிற்சங்க உணர்வு மிக்க ஜேர்மன் வரலாற்றாசிரியர் கேயோர்க் எக்கேர்ட் அதற்கெனப் பிறவுன்ஷ்வைக் நகரிலே பாடநூல் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். அவ்வாண்டில் இரு நாட்டு அறிஞரும், 1914ஆம் ஆண்டு யுத்தத்தைத் தனியொரு அரசோ மக்களோ முன்திட்டமிட்டு மூட்டினர் என்று கூற ஆவணங்கள் இடந்தரா என உடன்பட்டனர்.

பத்து ஆண்டுகளின் பின், 1961இல், ஜேர்மனியரான ஃபிரிற்ஸ் ஃபிஷரே தம் நாட்டு அரசின் யுத்த நோக்கங்களை வெளிப்படுத்தி அம்முடிவை அசைத்தார் என்பது நம் கவனத்துக்குரியது. பொதுப் பாடநூல் என்பது இரு பொய்களின் நடுவழியன்று. பகைவன் குற்றஞ்சாட்ட வேண்டிய தேவை நீங்கிய பின்னரே ஒரு நாடு தன் குற்றத்தைத் தானே ஆராயும் துணிவைப் பெறுகின்றது. 1963 ஜனவரியில் எலிசே உடன்படிக்கை கைச்சாத்தாகி, அவ்வாண்டிலேயே தோன்றிய இளைஞர் அலுவலகத்தின் மூலம் இதுவரை தொண்ணூறு இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர் பரிமாற்றங்களிற் பங்குகொண்டுள்ளனர். 2003இல் பெர்லினிற் கூடிய இரு நாட்டு மாணவர் பொது வரலாற்று நூலொன்றைக் கேட்டனர். 2006, 2008, 2011 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக அது வெளிவந்தது. பல பாடசாலைகள் அதனைப் பயன்படுத்தவில்லை என்பது மெய். ஆனால் 'கரும்புள்ளி' தொங்கிய சுவரிலே அத்தகைய நூலொன்றை எண்ணிப்பார்க்கவும் முடிந்திராது.

இச்சமாதானத்தின் எல்லையையும் கூறாது விடுதல் நம் கடமைக்கு மாறாகும். ஐரோப்பா விடுதலை கொண்டாடிய 1945 மே 8ஆம் நாளிலேயே அல்ஜீரியாவின் செற்றிவ் நகரிலே சுதந்திரம் கேட்டோர்மீது பிரெஞ்சுத் துப்பாக்கிகள் திரும்பின. ஷூமன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது வியட்நாமிலே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அல்ஜீரிய யுத்தம் 1954 முதல் 1962 வரை நீடித்தது. பெர்லினின் கட்டளைக்காகக் கண்ணீர் வடித்த அதே பாடசாலை, அரபு பேசும் பிள்ளைக்குப் பிரெஞ்சையே அறிவின் மொழியாக்கியது. அல்ஜீரியாவிலே ஆசிரியர் அமேலின் இடத்தில் நின்றவர் எவர், பிரஷ்ய ஊதுகுழலை ஊதியவர் எவர் என்று கேட்கும்போதே தோதேயின் கதை முழுப்பொருளைப் பெறுகின்றது.

அல்சாஸிலும் சமாதானம் தாமதித்தே வந்தது. ஸ்திராஸ்பூர் இன்று ஐரோப்பியப் பாராளுமன்றம் கூடும் நகரம். 1990களின் தொடக்கத்திலிருந்து அம்மாகாணத்திலே பிரெஞ்சும் ஜேர்மனும் சேர்ந்து கற்பிக்கும் வகுப்புக்கள் நடைபெறுகின்றன. ஆனால் அதற்குள் பாட்டன்மாரின் கிளைமொழி இளையோர் வாயிலே அருகிவிட்டது. ஃபிரன்ற்ஸ் என்னும் சிறுவனின் சொந்த மொழிக்குக் கடைசிப் பாடம் எதுவும் நடக்கவில்லை. முதற் பாடம் நடந்திருந்தாலல்லவா கடைசிப் பாடம் நடப்பதற்கு!

ஆகவே 'கடைசிப் பாட'த்தைப் பாடநூலிலிருந்து நீக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. மொழி பறிக்கப்படும் வேதனையை அதுபோல எடுத்துக்கூறும் கதைகள் குறைவு. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் மணி அடித்ததும் நிறுத்திவிடலாகாது என்பதே நம் வேண்டுகோள். சிறுவனின் பெயர் ஏன் ஃபிரன்ற்ஸ் என்று வகுப்பிலே கேட்கட்டும். 1918இல் வெளியேறிய மற்ற ஆசிரியனின் கதையை மாணாக்கரே எழுதிப்பார்க்கட்டும். ஆசிரியர் அமேல் கரும்பலகையிலே தம் நாட்டின் வாழ்த்தை எழுதிவிட்டுச் சென்றார். துயரத்தில் இருந்த மனிதர் வேறெதனை எழுதுவார்? ஆனால் அந்தப் பலகையை மறுநாட் காலையில் துடைப்பவரும் ஓர் ஆசிரியரே. அடுத்த பாடத்தை எழுதும் சுண்ணக்கட்டி அவர் கையில் இருக்கின்றது.